வாசல் லைட்டைத் தரைக்குத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும் இப்போது இரவில் வாசலுக்கு வாசல் வெள்ளை வெளேரென்று எல்.ஈ.டி. பிளட் லைட் எரிகிறது. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தகரக் கூரை ஓரத்திலும் அதுதான், ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டிலும் அதுதான். வெளிச்சமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பன்றி வருகிறது, சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போகிறது, கக்கூஸ் வெளியே இருக்கிற லயத்தில் ராத்திரி ஒரு பெண்பிள்ளை தனியாக இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் நாம் பூட்டி வைத்திருக்கிற விதத்தில் அது காலடிக்கு வருவதில்லை, எதிர்ச் சரிவில் தூங்குகிறவரின் ஜன்னலுக்குத்தான் போகிறது.

சமதரை ஊரில் பக்கத்து மதிலோடு நின்றுவிடுகிற வெளிச்சம் மலையில் நிற்காது. மேல் லயத்தில் நேராகப் பார்த்தபடி பூட்டிய லைட் கீழ் லயத்துக் கூரைகளைத் தாண்டி, ஆற்றையும் தாண்டி, அந்தப் பக்கத்து வீடு வரைக்கும் போகும். காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுப் படுக்கிறார்கள். "அக்கா, லைட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்களேன்" என்று கேட்டால், எங்கள் வீட்டு கரண்ட், உங்களுக்கு என்ன என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

போட்டவருக்காவது பிரயோசனமா என்றால் அதுவும் அரைகுறைதான். நம் வீடுகளுக்கு முன்னால் படிக்கட்டு இருக்கும். கீழேயிருந்து ஏறி வருகிறவருக்கு லைட் நேரே கண்ணில் அடிக்கும், படியின் முன்பக்கம் முழுக்க இருட்டாக இருக்கும், எது படி எது பள்ளம் என்று தெரியாது. இறங்குகிறவருக்கோ தன் நிழலே அடுத்த படியை மறைத்துவிடும். மழை மாதங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் இன்னும் மோசம், வாசலுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது மாதிரி வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வரும். பன்றி வந்து நின்றாலும் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? லைட்டைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டியின் இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, மழையில்லாத பகல் நேரத்தில் அதைத் தளர்த்தி, கண்ணாடி தரையைப் பார்க்கும்படி திருப்பி இறுக்கினால் போதும், செலவே இல்லை. எதிர் வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது பல்ப் கண்ணில் படக்கூடாது, முற்றம் மட்டும் தெரிய வேண்டும். படிக்கட்டுக்கு மேலிருந்து ஒரு பெரிய லைட் அடிப்பதைவிட முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் சின்ன பல்ப் ஒன்று எவ்வளவோ மேல்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டுகிற எண் (K என்று போட்டிருக்கும்) 6500 என்று இருக்கிறதா 3000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 6500 வெள்ளை வெளேரென்று இருக்கும், 3000 மஞ்சள் கலந்தது, கண்ணைக் குத்தாது, மழை விட்டதும் வந்து மொய்க்கிற ஈசலும் குறையும். சென்சர் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஆள் நடமாட்டம் வந்தால்தான் எரியும், திடீரென்று எரிவதால் நமக்கும் ஏதோ வந்திருக்கிறது என்று தெரியும். சென்சருக்கு நேரே நடந்து வருவதைவிடக் குறுக்கே நடப்பதுதான் அதற்குச் சீக்கிரம் பிடிபடும், அதனால் பாதை குறுக்கே போகிற இடமாகப் பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் பில். 50 வாட் லைட் மாலை 6 மணியிலிருந்து காலை 6 வரை எரிந்தால் ஒரு இரவுக்கு 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு. வீட்டின் மொத்தக் கரண்ட் மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறி பில் ஏறிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சின்ன முற்றத்துக்குத் தரையைப் பார்த்த 10 வாட் தாராளம்.

டவுன் ஹார்ட்வெயார் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 50, 100 வாட் வெள்ளையை மட்டும் அடுக்கி வைக்காமல், 10 வாட் மஞ்சளையும் சென்சர் வைத்ததையும் கொண்டுவந்து வையுங்கள். தோட்டத்து ஆட்கள் கடையில் இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.