இந்த மாதம் பணம் குறைவாக வரும்

குவைத்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். நான் சுகம். ஆகஸ்ட் முடியும்வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் மொட்டைமாடி ஏசி வேலையெல்லாம் விடியக்காலையிலேயே முடித்துவிடுகிறோம். பயப்பட வேண்டாம்.

பண விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 40 தினார் குறைவாக வரும். நம்ம ரூபாயில் பத்தாயிரத்துக்கு மேலே. நம்ம வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போடுவது தள்ளிப்போகும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் தமிழ் ஆராதனைக்குச் சேலம் பக்கத்துப் பையன் ஒருவன் வருவான். அவன் கம்பெனியில் சம்பளமும் போடவில்லை, அக்காமாவும் (இங்கே தங்குவதற்கான அனுமதி) புதுப்பிக்கவில்லை. அக்காமா முடிந்தால் நாளுக்கு இரண்டு தினார் வீதம் அபராதம் ஏற ஆரம்பித்துவிடும். ஊரில் அப்பா படுத்த படுக்கை. அபராதமும் டிக்கெட்டும் கட்டினால்தான் அவன் வீடு போய்ச் சேர முடியும்.

வெள்ளிக்கிழமைதான் இங்கே நமக்கு ஓய்வுநாள். ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் ஐயர் பேர் எதுவும் எழுதாத கவர் ஒன்றை என்னிடம் கொடுத்து, சத்தமில்லாமல் சுற்றிவரச் சொன்னார். நம்ம ஊர்க் கோயிலில் ஃபேன் இறக்கையில்கூட 'அன்பளிப்பு' என்று பேர் எழுதுவார்கள்; சுற்றினால்தான் மறையும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வெளியே வந்தபோது ஒரு அக்கா, ராமநாதபுரத்துக்காரர், 20 தினார் நோட்டை மடித்துக் கவருக்குள் திணித்தார். வீட்டுவேலை செய்கிறவர். அவருக்கு மாதச் சம்பளமே 60 தினார்தான். "மகனுக்கு ஃபீஸ் கட்டணும்னு சொன்னீங்களே?" என்றேன். "ஃபீஸ் ரெண்டு மாசம் பிந்துனா படிப்பு ஓடிப்போயிடாது தம்பி. இவன் இங்க நின்னா தெனமும் ஏறுமே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அதன் பிறகுதான் நான் போட்ட பத்து நாற்பதாயிற்று.

கடற்கரைச் சாலையில் பழைய அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது. எண்ணெய்ப் பணம் வருவதற்கு முந்தின காலத்தில், 1912-லேயே, எலினர் கால்வர்லி என்ற பெண் டாக்டர் இங்கே வந்து பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் மிஷனுக்குப் பின்னால் இருந்த அதே திருச்சபைதான் இந்த மிஷனையும் நடத்தியது. 1967-இல் ஆஸ்பத்திரி மூடிவிட்டார்கள். இப்போது அது கலாசார மையம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை வரும். ஊரைவிட்டு வந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசையும் போட்டுவிட்டுப் போனாளே ஒரு விதவை, அவள் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்களா, அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை.

கிரயம் கொடுக்காமல் பலி செலுத்த மாட்டேன் என்று, அர்வனா சும்மா கொடுக்க வந்த களத்தில் தாவீது ராஜா சொன்னான். இந்த 40 தினாருக்குக் கிரயம் கொடுக்கிறது நான் மட்டும் இல்லை. ஐப்பசி மழையில் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைக்கப்போவது நீங்கள். உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை நீங்கள் எடுத்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், கோபப்பட மாட்டீர்கள் என்ற தைரியம்தான். என்றாலும் உங்கள் பங்கை உங்களைக் கேட்காமல் கொடுப்பது நியாயமில்லை. ஐயர் அடுத்த கவர் எடுத்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் வரும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மழைக்கு முன்னால் அத்தானை விட்டு நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள். கம்பிக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பையன் வியாழக்கிழமை ராத்திரி சென்னையில் இறங்குகிறான். தம்பியை ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். வெறுங்கையோடு அப்பா முன்னால் போய் நிற்கக் கூடாது, கையில் ஒரு ஆயிரம் கொடுக்கட்டும். நான் சொன்னால் முணுமுணுப்பான். நீங்கள் சொன்னால் போவான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்