கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன்

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். பார்வை கொஞ்சம் தெளிந்ததும் அடுப்படிப் புகையில் போய் நின்றுவிடுவாள், நீதான் கவனமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம். பெரியவன் பட்டறையைப் பாதிக்கு மேல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். கணக்கும் ஆட்களும் அவன் பக்கம், மல்டிமீட்டர் இன்னும் என் பக்கம்.

உன் அக்கா மகனின் கார் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார், சுருள்வில்லுக்குப் பதில் காற்று தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், முன்பக்கம் ராத்திரியில் இறங்கிவிடுகிறது, காலையில் எஞ்சினைப் போட்டதும் மெதுவாக ஏறுகிறது, சில நாள் ஏறாமலேயே எச்சரிக்கை எழுத்து வருகிறது. ஸ்கேனரில் கம்ப்ரசர் கோளாறு என்று வந்ததால் காற்றை அடைக்கும் கம்ப்ரசரையும், முன்பக்கம் காற்றைப் பிடித்து வைக்கும் இரண்டு ரப்பர் பெல்லோஸையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நீ எழுதிய தொகையைப் படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. அவனிடம் சொல், இப்போதைக்கு எதற்கும் சம்மதம் கொடுக்க வேண்டாம். அளந்து பார்க்காமல் யாரோ எழுதிக் கொடுத்த பட்டியல் அது.

உனக்குக் காற்று புதிதல்ல. டெப்போவில் பெல்லோஸும் லெவலிங் வால்வும் மாற்றியே காலம் கழித்தவன் நீ. பஸ்ஸில் எஞ்சின் சுழற்றும் கம்ப்ரசர், அச்சுக்கும் சேசிசுக்கும் நடுவே ஒரு தடி. ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் தடி வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடும், ஆள் இறங்கி வண்டி உயர்ந்தால் வெளியே விடும். மின்சாரமே வேண்டாம். காரில் அந்தத் தடியின் இடத்தில் உயரத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அது ஒரு கணினிப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி ரிலேயை, அதாவது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சை, இழுக்கும், ரிலே கம்ப்ரசர் மோட்டாரை ஓட்டும், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில் அந்தந்தச் சக்கரத்துக்கான சோலினாய்டு என்ற மின்சார வால்வு திறக்கும். உன் ஒரு வால்வு செய்த வேலைக்கு இங்கே இத்தனை கைகள், அத்தனைக்கும் வயர், அத்தனை வயருக்கும் கனெக்டர். அமெரிக்காவில் 1957இலேயே காடிலாக் எல்டொராடோ புரோம் காரில் காற்றுச் சஸ்பென்ஷன் வந்தது. காற்று நிற்காத தொல்லை பொறுக்காமல் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் போட்டுக்கொண்டார்கள். 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் காரில் அதே வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காற்றின் தொல்லையோடு வயரின் தொல்லையும் சேர்ந்துகொண்டது அப்போதுதான்.

மருமகன் வண்டியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதுதான்: வண்டி இறங்குவது ஒரு கோளாறு, ஏறாமல் இருப்பது வேறொரு கோளாறாக இருக்கலாம். இறங்குவது பெரும்பாலும் காற்றின் கதை, ஏறாதது பெரும்பாலும் கரண்டின் கதை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்ததால்தான் அந்தப் பட்டியல் அவ்வளவு நீளமாகிவிட்டது.

இறங்குவதைச் சோதிக்கக் காசே வேண்டாம். ராத்திரி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளட்டும். சஸ்பென்ஷனுக்கு உரிய ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போகட்டும். காலையில் அப்போதும் இறங்கியிருந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மூலை மட்டும் என்றால் அந்தப் பெல்லோஸ் அல்லது அதன் குழாய் முனை. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து என்றால் வால்வு பிளாக்கைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சோப்பு நுரை மீதியைச் சொல்லிவிடும். ஃபியூஸைப் பிடுங்கிய இரவில் வண்டி இறங்காமல் அப்படியே நின்றால்? கரண்ட் இல்லாதபோது அந்த வால்வுகள் மூடியே இருக்கும். அப்படியானால் மற்ற இரவுகளில் கணினிப் பெட்டியே காற்றை வெளியே விட்டிருக்கிறது. முன் சென்சார் ஒன்று வண்டி உயரமாக நிற்கிறது என்று பொய்ச் செய்தி கொடுத்தால் பெட்டி அப்படித்தான் செய்யும். அந்த நிலையில் புதுப் பெல்லோஸ் இரண்டு போட்டாலும் வண்டி மறுநாள் காலையில் இறங்கித்தான் நிற்கும்.

இனி ஏறாத கதை. சில மாதங்களுக்கு முன் எங்கள் பட்டறைக்கு இதே போல ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் புதுக் கம்ப்ரசர் போட்டு, அதுவும் சூடாகி நிற்கத் தொடங்கியிருந்தது. சொந்தக்காரர் பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்றவர், ஆசைப்பட்டு வாங்கிய கார். மூன்றாவது கம்ப்ரசருக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள். ஸ்கேனரில் வந்த எழுத்து, காற்று நிரம்ப அதிக நேரமாகிறது என்பதுதான். அதைக் கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

எஞ்சினை ஓடவிட்டேன். பேட்டரியில் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். கம்ப்ரசர் ஓடும்போது அதன் மோட்டார் முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தேன், 11 வோல்ட்கூட இல்லை. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் காணாமல் போகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டார் பாசிட்டிவ் வரை வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கும் குறைவு, அந்தப் பக்கம் சுத்தம். மோட்டாரில் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தால் மீதி முழுவதும் அங்கேயே நின்றது. முன்சக்கர மட்கார்டு லைனரைக் கழற்றினோம். சேசிசில் எர்த் போல்ட் உப்புக் காற்றில் அரித்து, வளையத்துக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தேய்த்து, புது வளையம் அழுத்தி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். வண்டியில் இருந்த அதே கம்ப்ரசரே வண்டியை விறுவிறுவென்று தூக்கியது.

இதைப் பிடிக்காமல் விட்டதற்குக் காரணம் என்ன தெரியுமா? அவர்களும் மீட்டர் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் கம்ப்ரசர் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு. லோடு இல்லாதபோது, அதாவது கரண்ட் ஓடாதபோது, அரித்த எர்த்தும் 12 வோல்ட் காட்டும். உன் ஏர் லைனில் அடைப்பு இருந்தாலும், காற்று ஓடாதவரை கேஜில் அழுத்தம் முழுதாகவே நிற்கும். வால்வைத் திறந்ததும்தான் முள் விழும். கரண்டும் அப்படியே. இந்த மோட்டார்கள் 20, 25 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். வழியில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருந்தால் 25 ஆம்பியரில் இரண்டரை வோல்ட் போய்விடும். அந்த 0.1 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து நம்பகமாகப் படிக்கவே முடியாது. ஓடவிட்டு, வோல்ட் பக்கத்தில் வைத்து, வழி நெடுக அளந்தால்தான் பிடிபடும். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும், காற்று நிரம்ப நேரமாகும், நேரமானால் சூடாகும், சூட்டைக் கணக்கிட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கோளாறு எழுதி வைக்கும். பெட்டிக்கு எர்த் போல்ட் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததை அது எழுதுகிறது, படிக்கிறவன்தான் யோசிக்க வேண்டும்.

மருமகன் வண்டியில் ரிலேயையும் சந்தேகிக்கிறேன். காற்றுக் கசிவு நெடுநாளாக இருந்தால் கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடியிருக்கும், அத்தனை கரண்டும் ரிலேயின் சின்ன முனைகள் வழியாகத்தான் போயிருக்கும். முனை தீய்ந்தால் அங்கேயும் வோல்ட் விழும். முனை ஒட்டிக்கொண்டால் அதைவிட மோசம், சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி காலி, மோட்டார் கருகியிருக்கும். ரிலேயைப் பிடுங்கி, அதன் காயிலின் 85, 86 முனைகளுக்கு நடுவே ஓம் பார்த்தால் பெரும்பாலான ரிலேக்களில் 100 ஓமை ஒட்டி இருக்கும். அது சரியாக இருப்பதால் மட்டும் ரிலே நல்லது என்று ஆகிவிடாது. மோட்டார் கரண்ட் போகும் 30, 87 முனைகள் லோடில் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. புதுக் கம்ப்ரசர் போடுகிறவர்கள் கட்டாயம் புது ரிலேயும் போட வேண்டும். விலை குறைந்த பொருள், ஆனால் அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். ஒரு படி பெரியதாகப் போட்டுக் கொடுக்கிறவனிடம் வண்டியை விடவே கூடாது.

சென்சார் பற்றியும் எழுதிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரின் பின்பக்கமாக முனையை நுழைத்துச் சிக்னல் வயரைப் பார்த்தபடி சென்சாரின் கையை மெதுவாக அசைத்தால், அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் எண் தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் துள்ளினால் சென்சார் தேய்ந்துவிட்டது. ஸ்கேனர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சென்சார்களைக் குறை சொன்னால் எல்லாவற்றையும் வாங்க ஓட வேண்டாம். சில வண்டிகளில் 5 வோல்ட் எல்லோருக்கும் பொது. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றினால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. சென்சாரை மாற்றினால் உயரத்தைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கோணிக்கொண்டு நிற்கும்.

வயரில் ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். அந்தத் துளை வழியாக ஈரம் உள்ளே போய், செம்பு பச்சைப் பொடியாகி, வயர் வெளியே நன்றாகத் தெரிந்தபடியே உள்ளே அறுந்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை நிறையப் பார்த்துவிட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தண்ணீர் வடிந்ததும் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஓடுகிறது என்று மகிழ்ந்தவர்களின் வண்டிகளில் மாதக்கணக்கில் கழித்துத்தான் கோளாறு தலைகாட்டியது. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னே தாழ்வான இடத்தில்தான் இருக்கிறது, தண்ணீர் முதலில் தொடுவது அதன் கனெக்டரைத்தான். மருமகன் வாங்கிய வண்டி அந்த வருடம் எந்த ஊரில் நின்றது என்று கேட்டுப் பார். பழைய சொந்தக்காரர் மறைத்தாலும் சீட்டுக்கு அடியிலிருக்கும் தண்டவாளத் துரு மறைக்காது.

அதோடு எலி. உன் வீட்டுப் பக்கம் வயல் இருக்கிறது, வண்டி ஓட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கேனரை எடுப்பதற்கு முன் டார்ச்சை எடுத்து வயர் கட்டுகளைப் பார்க்கச் சொல்.

இதில் ஒன்றை மட்டும் நீயே பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கதவைத் திறந்தாலே பெட்டி விழித்துக்கொண்டு உயரத்தைத் திருத்தத் தொடங்கும் வண்டிகள் உண்டு. மட்கார்டுக்குள் கையை விட்டிருக்கும் நேரத்தில் வண்டி இறங்கினால் கை டயருக்கும் தகரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஜாக்கி வைப்பதற்கான நிலைக்கு மாற்றிவிட்டு, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் தொட வேண்டும். இளைஞர்கள் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஃபியூஸ் சோதனையை இந்த வாரமே செய்து அளவுகளை எனக்கு எழுது. நான்கு மூலை எண்களும், ராத்திரிக்கு முன், காலையில், தனித்தனியாக வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது மோட்டார் முனையில் எத்தனை வோல்ட் என்று அங்கே நிதானமாக அளக்கக்கூடிய எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்தால் அதையும் சேர்த்து எழுது. கிடைக்காவிட்டால் இங்கே அனுப்பு, ஆனால் இறங்கிய நிலையில் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், டயர் உள்ளே உரசும். பிளாட்பெட் வண்டியில் ஏற்றி, சக்கரங்களில் பெல்ட் போட்டுக் கட்டச் சொல். சேசிசைக் கீழே இழுத்துக் கட்டினால், வரும் வழியில் காற்று இறங்க இறங்கப் பெல்ட் தளர்ந்துவிடும். நீயும் கூடவே ஏறி வந்தால் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம். தங்கச்சிக்குத் துணையாக உன் மகள் வந்திருக்கிறாள் என்றுதானே எழுதியிருந்தாய்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகனைத் திட்டாதே. ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான், நல்ல வண்டிதான், சரிசெய்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்