பன்னிரண்டரைக்கு மணி அடித்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். முதல் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்பில் படிக்கும் பிஞ்சுகளைக் காலையில் ஒரு வீட்டிலும் மதியத்தில் இன்னொரு வீட்டிலும் விட்டுவிட்டுப் போகும் இளம் தாய்மாருக்குப் பிள்ளைப் பாசம் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். அந்தக் காலத்தில் தாய் வீட்டில் இருந்தாளாம். எந்தக் காலத்தில் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வயது 68. அப்படி ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கினார்களே, அந்தப் பெண்களே வேலைக்குத்தான் வந்தார்கள். ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. கைக்குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டுக் கரும்புக்குக் களை வெட்டினவர்கள் அவர்கள். நானும் பதினேழு வயதில் தையல் ஆலைக்குப் போனவள்தான். டர்பனில் நம்மவர்கள் வாழும் எங்கள் சாட்ஸ்வர்த்தில் எழுபதுகளில் காலை ஆறு மணி பஸ்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முக்கால்வாசிப் பேர் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்கள். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது என் மாமியார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவருக்கு ஒத்தாசை. சம்பளம் கேட்காத ஆயா, அதாவது பாட்டி, ஒருத்தி வீட்டில் இருந்தாள். அதனால் இந்தக் கணக்கு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடும் தானாக உடைந்துவிடவில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950இல் வந்த சட்டத்தைக் காட்டி அறுபதுகளில் டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம்மவர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தவர்களுக்குக் கவுன்சில் வீடு ஆளுக்கொரு பக்கம் கிடைத்தது. சாட்ஸ்வர்த்தைப் பிரித்த யூனிட்டுகளில் அண்ணன் ஒன்றில், தம்பி இன்னொன்றில். மிச்சமிருந்ததை அடுத்த தலைமுறையின் பிழைப்பு பிரித்தது. இன்று பல வீடுகளில் மகன் ஜொஹானஸ்பர்க்கில், மகள் டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில். பாட்டிமாரில் பாதிப் பேர் இன்னும் கடைகளில் நின்று சம்பாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 13ஆம் தேதி அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தம் அந்த வருடம் டிசம்பர் 24ஆம் தேதி அமலுக்கு வந்தது. கிரேட் ஆர் கட்டாயமாகிவிட்டது. தகுந்த காரணமில்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை. நான் இதை எதிர்க்கவில்லை. பிள்ளை சீக்கிரம் பள்ளிக்குப் போவது நல்லதுதான். ஆனால் பாடத்திட்டம் கிரேட் ஆருக்கு ஒதுக்கியிருப்பது வாரத்துக்கு 23 மணி நேரம். ஐந்தால் வகுத்தால் நாளுக்கு நாலரை மணிக்குக் கொஞ்சம் கூட. தொழிலாளர் சட்டமோ வாரத்துக்கு 45 மணி வரை வேலை வாங்கலாம் என்கிறது. சாப்பாட்டு இடைவேளை அதில் சேராது, பயண நேரமும் சேராது. இரண்டுமே அரசாங்கம் போட்ட கணக்குதான். நடுவில் இருக்கும் 22 மணி நேரமும் பிள்ளை எங்கே இருக்கும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். மருமகளுக்கு டர்பனின் மொபேனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏழு மணிக்கு ஷிஃப்ட். ஆறுக்கே டாக்சி பிடித்தால்தான் போய்ச் சேரலாம். மகன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே இருக்கமாட்டான். பேத்தியின் பள்ளி ஏழே முக்காலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். முன்னாலும் பின்னாலும் நான்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் சர்க்கரை மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போனேன். பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். வரிசை நகரவில்லை. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. நான் பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு பத்து. குழந்தை காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் அணைத்தபடி. அழவில்லை. "ஆயா, நான் ஒண்ணுக்குப் போகணும்" என்றாள். அவ்வளவு நேரம் யாரிடமும் கேட்காமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் காவலாளி நல்ல மனிதர், தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் இருந்த அம்மாள் மட்டும், பன்னிரண்டரைக்குப் பிறகு பள்ளி பொறுப்பல்ல என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறதே என்றார். போட்டிருந்தது உண்மைதான். எடுத்துப் பார்த்தேன்.

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேரில் சேர்த்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விசாரித்தோம். மாதம் 1,200 ராண்ட் கேட்டார்கள். விடுமுறை நாட்களுக்குத் தனிக் கட்டணம், ஐந்தரைக்கு மேல் தாமதமானால் அதற்கும் தனி. 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 45 மணி உழைத்தாலும் மாதம் சுமார் 5,600 ராண்ட்தான் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிற்பகலுக்கே போய்விடுகிறது. காலை ஆறிலிருந்து ஏழே முக்கால் வரை பார்த்துக்கொள்ள அந்த விலைக்கும் ஆள் இல்லை. சட்டப்படி குடும்பப் பொறுப்புக்கென்று கிடைக்கும் சம்பள விடுப்பு வருடத்துக்கு மூன்று நாள். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் தீர்ந்துபோகும்.

எங்கள் தெருவில் ஒருவர் தன் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மதியம் டால் சோறு, பிறகு ஒரு தூக்கம், நாலு மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும். ஏழாவது பிள்ளையைக் கொண்டுபோனால் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஆறுக்கு மேல் போனால் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி நிலையமாகப் பதிய வேண்டும். பதிவதற்கு அவர் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். விதியே கூடாது என்று சொல்லமாட்டேன். சின்ன வீட்டில் எரிகிற அடுப்பும் இருபது குழந்தைகளும் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பதிய வருகிறவரை உட்காரவைத்து, இது வேண்டும், இதை இப்படிச் செய் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் போதும்.

அதனால்தான் நம் கோயில் மண்டபங்களைப் பற்றி எழுத வந்தேன். சாட்ஸ்வர்த்தில் எத்தனை கோயில்கள், எத்தனை மண்டபங்கள்! சனி ஞாயிறில் கல்யாணம், ஆடியில் கூழ் வார்த்தல், தைப்பூசத்தில் காவடி, நடுவில் ஒரு கருமாதி. திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டு. உள்ளே சமையலறை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது. பதிவு செய்ய எங்கள் தெருக்காரர் வீட்டில் இல்லாதவை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நம் தாத்தாமார் காலத்தில் நாம் ஒரு பவுண்டு திரட்டினால் அரசாங்கம் ஒரு பவுண்டு போடும் என்ற கணக்கில் ஊர்ப் பணத்தில் பள்ளிகளையே எழுப்பினோம். வெள்ளைக்கார அரசாங்கம் நமக்குப் பள்ளி கட்டித் தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாம் சுவர்கூடக் கட்ட வேண்டாம், பூட்டைத் திறந்தால் போதும்.

இதை ஒரு கோயில் நிர்வாகியிடம் சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, "நல்ல யோசனை அம்மா, அப்படியே தமிழ் வகுப்பும் தேவாரமும் வைத்துவிடலாம்" என்றார். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது மாலை நேரத் தமிழ்ப் பள்ளிதான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தை மதியம் ஒரு மணிக்கு வரும்போது அதற்கு முதலில் வேண்டியது சோறு, பிறகு பாய். தூங்கி எழுந்த பிறகு யாராவது ஓர் ஆயா தமிழில் கதை சொன்னால் போதும், தமிழ் ஒட்டிக்கொள்ளும். பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிற திட்டமாக்கிவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சூலு குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளும் பன்னிரண்டரைக்குத்தான் வாசலுக்கு வருகிறார்கள். மண்டபத்தைத் திறந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் திறக்க வேண்டும்.

பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். "சேவை" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கக் கூடாது. ஆயாமாரை அப்படித்தான் நூறு வருடமாக வாங்கினோம். ஒரு வீட்டுக்கு மாதம் 400 ராண்ட் என்று வைத்து, கோயில் கொஞ்சம், ஊர் வியாபாரிகள் கொஞ்சம் போட்டால் நடத்தலாமா என்று கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் கோயிலின் வருடாந்தரக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். விடிகாலையில் மண்டபத்தைத் திறக்க ஆள் வேண்டுமே என்று கேட்பார்கள். அந்தச் சாவியை என்னிடம் கொடுங்கள். ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுகிறேன், என் பேத்தியோடு. முழங்கால் வலிக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்