ஆடிப்பட்டம் இருக்கட்டும், முதலில் போர் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த விதைப்புக் குறிப்புகள் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள ஊர்களுக்குச் சரி. மணலி, மாதவரம், எர்ணாவூர், மீஞ்சூர் பக்கம் ஒரு கிரவுண்டு இடத்திலோ மொட்டைமாடியிலோ முப்பது நாற்பது செடிப் பையும் பத்துக் கோழியும் வைத்துக்கொண்டு குடும்பமாகப் பாடுபடுகிறவர்களுக்கு அதில் ஒரு வரி குறைகிறது. ஊற்றப்போகிற தண்ணீர் எவ்வளவு உப்பு என்று பார்த்துவிட்டு விதை போடுங்கள் என்ற வரிதான் அது.

மணலி ஆலைகளுக்காக மீஞ்சூர் வட்டாரத்தில் 1960-களிலிருந்து நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் உள்ளே வந்த கதை எல்லோருக்கும் தெரியும். கத்திரி வெயில் முடிந்தாலும் ஆனி, ஆடியில் போரின் மட்டம் இறங்கியேதான் இருக்கும்; மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும். தை மாதத்தில் டி.டி.எஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 900 காட்டிய போர் ஆனியில் 1,600 காட்டலாம். நான்கு மாதம் அந்தத் தண்ணீரையே ஊற்றி, வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைப் பையிலேயே விட்டுவிட்டுப் போன பிறகு, அதே மண்ணைக் கிளறி ஆடி முதல் வாரத்தில் விதை போட்டால் முளைக்காது. பழி விதைக் கடைக்காரர் தலையில் விழும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. பையின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். அடி இலைகளின் நுனியும் ஓரமும் கருகும், நரம்பை ஒட்டிய நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். மண் ஈரமாக இருக்கும்போதே மத்தியானத்தில் செடி தலை தொங்கும். வெயில் தாங்கவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றுவார்கள். இன்னொரு குடம் உப்பு சேரும். சாம்பல் சத்து குறைவு என்று நினைத்துப் பொட்டாஷ் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் உப்புதான்.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொட்டித் தண்ணீரை அளக்காதீர்கள், அதில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்திருக்கும். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு நேரே குழாயில் பிடியுங்கள். 450-க்குள் இருந்தால் எதை வேண்டுமானாலும் வளர்க்கலாம். 450-லிருந்து 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றவே கூடாது.

மண்ணையும் இதே மீட்டரில் பார்க்கலாம். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) அரை லிட்டர், நிழலில் உலர்த்திய மண் 100 கிராம். இரண்டையும் ஒரு பாட்டிலில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரில் மீட்டரை விடுங்கள். 250-ஐத் தாண்டினால் அந்தப் பை மண்ணைக் கழுவியே ஆக வேண்டும். உரம் போட்டுப் பத்து நாள்கூட ஆகாத மண்ணில் சோதிக்காதீர்கள். உப்பையும் உரத்தையும் பிரித்துச் சொல்ல மீட்டருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. பைக்கு ஒரு எண் போட்டு, ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொன்னால் அடுத்த ஆனியில் அந்த நோட்டு உதவும்.

கழுவுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'மழை வந்தால் தானாகக் கழுவிவிடும்' என்பது தரைக்குப் பொருந்தும், பைக்குப் பொருந்தாது. 12-க்கு 12 அங்குலப் பையில் ஏறத்தாழ 20 லிட்டர் மண் பிடிக்கும். அதன் வாய் சிறியது, 50 மி.மீ. மழை கொட்டினாலும் உள்ளே இறங்குவது மூன்றரை லிட்டர்தான். மண்ணின் அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 40 லிட்டர் இறங்கினால்தான் உப்பில் பெரும்பகுதி வெளியேறும். வழி இருக்கிறது. ஆவியாகும் தண்ணீரோடு ஏறி வந்த உப்பு மேல் இரண்டு அங்குலத்தில்தான் அதிகம் நிற்கும். அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், வேறு செடியின் தூரில் கொட்டிவிடாதீர்கள். பிறகு 20 லிட்டர் போதும். அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் ஐந்து ஐந்து லிட்டராக, அரை மணி இடைவெளியில் நான்கு முறை. அடியில் இருக்கும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, தட்டை எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கினால் கழுவிய உப்பை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடியில் வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., ஊற்றும் தண்ணீரைவிட 200 மட்டுமே கூட இருக்கும் நிலை வந்தால் நிறுத்தலாம். சத்தும் கூடவே போயிருக்கும். எனவே மண்புழு உரம் அரைக் கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி கழுவிய பிறகு போடுங்கள். முதலில் எருவைப் போட்டுவிட்டுக் கழுவுகிறவர்கள் எருவைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

இத்தனை நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மாடிதான். 500 சதுர அடி மாடியில் 20 மி.மீ. பெய்தால், சிந்தியது சிதறியது போக 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். ஒரு நல்ல மாலை மழை 35 பைகளைக் கழுவப் போதும். 2003-லிருந்து மழைநீர்க் குழாய் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும்; இருக்கிற குழாயில் ஒரு டி மூட்டும் ஒரு வால்வும் வைத்துச் சின்டெக்ஸில் திருப்பினால் முடிந்தது. முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு இரவில் வாளியில் கணிசமாகச் சேரும். நாற்றுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கோழிக்குக் குடிக்க மட்டும் வைக்காதீர்கள், குளிர்ச்சுருளின் அழுக்கு அதில் இருக்கும். இதற்கு நேர் எதிர் ஆர்.ஓ. கழிவு நீர். வீணாகப் போகிறதே என்று பெரியவர்கள் அக்கறையாகப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார்கள். 1,200 உள்ள தண்ணீரில் நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிக்க வந்தால், மீதி மூன்று லிட்டர் 1,600-க்குப் பக்கத்தில் இருக்கும். அது கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். அரிசி கழுவிய தண்ணீரும் போர் தண்ணீரில் கழுவியது என்றால் போர் தண்ணீர்தான்.

பயிர் விஷயத்தில் என் கருத்தைக் கறாராகவே சொல்கிறேன். 1,000-க்கு மேல் உள்ள தண்ணீரில் பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி வேண்டாம். கத்தரியும் மிளகாயும் காய்க்கும், ஆனால் எண்ணிக்கை குறையும். தக்காளி ஓரளவு தாங்கும். கொத்தவரை, தட்டைப்பயறு, பருப்புக்கீரை மூன்றும் உப்பைச் சட்டை செய்யாதவை. பீட்ரூட் வளர்ந்த பிறகு தாங்கும், முளைக்கும்போது தாங்காது. எதுவானாலும் முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு, நான்கு இலை வந்த பிறகு பாதிக்குப் பாதி கலக்கலாம்: 1,600-ம் 400-ம் சமமாகக் கலந்தால் 1,000. ஆடிக் காற்றில் தினமும் இலை மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது எல்லாவற்றிலும் மோசம். இலையிலும் உப்பு காயும், மண்ணிலும் மேலேயே நிற்கும். சாயங்காலம் தூரில், அடித்துளையில் கொஞ்சம் வழியும் வரை ஊற்றுங்கள். மேலே இரண்டு அங்குலத்துக்கு வைக்கோலோ சருகோ போடுங்கள். தேங்காய் நார்த்தூள் கட்டியை நேரே போடாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். ஊறவைத்து மூன்று முறை பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

கோழிக்கும் இதே கணக்குதான். வெயில் காலத்தில் ஒரு கோழி அரை லிட்டர் வரை குடிக்கும். 1,000-க்குள் இருக்கும் தண்ணீரில் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் எச்சம் தண்ணியாகப் போகும். 3,000-ஐத் தாண்டினால் வைக்கவே வேண்டாம், குஞ்சுகளுக்கு அதற்கு முன்பே ஆகாது. எச்சம் தண்ணியானதும் நோய் என்று நினைத்து மருந்துக்கு ஓடுகிறார்கள். தரையில் போட்ட உமி ஈரமாகி அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும், பிறகு இரத்தக் கழிச்சல் நிஜமாகவே வரும். காசிமேட்டிலிருந்து மலிவாக வரும் கருவாட்டுத் தலையைத் தீவனத்தில் சேர்ப்பது இங்கே வழக்கம். அது உப்புக் கருவாடு. கடைத் தீவனத்திலும் உப்பு உண்டு, தண்ணீரிலும் உப்பு உண்டு, வெயிலுக்கென்று எலக்ட்ரோலைட் பவுடர் வேறு கலக்கிறோம். கோழி ஓயாமல் குடித்து, கால் தள்ளாடி விழுந்தால் முதலில் கருவாட்டையும் பவுடரையும் நிறுத்தி நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், பிறகு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். புரதத்துக்கு உப்பில்லாக் கருவாடுதான் வேண்டும். முட்டை ஓடு மெலிவதற்கும் உப்புத் தண்ணீர் ஒரு காரணம். வெயிலில் மூச்சிரைப்பதாலும் தீவனம் குறைவதாலும்கூட அது வரும். தனிக் கிண்ணத்தில் உடைத்த கிளிஞ்சல் வைத்தால் தேவையானதை அதுவே கொத்திக்கொள்ளும்.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குளோரின் வாசமுள்ள மெட்ரோ தண்ணீரில் கலக்காதீர்கள், மருந்து செத்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்துவிட்டு, அரை மணி கழித்து மருந்தைச் சேர்க்க வேண்டும்.

கோழி எருவைப் பச்சையாகப் பையில் போடுவதும் உப்பைக் கூட்டும். மூன்று மாதம் மக்கவைத்து, பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த எண்ணூர், எர்ணாவூர் பகுதி மண்ணைக் கழுவினாலும் பையில் நிரப்ப வேண்டாம்.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளையில் (கிட்) பை, நார்த்தூள், விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் இருக்கின்றன. வடசென்னையில் கொடுக்கும் தளைகளில் ஒரு டி.டி.எஸ். மீட்டரையும், எந்த அளவுக்கு எந்தப் பயிர் என்று அச்சிட்ட ஒரு அட்டையையும் சேர்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தங்கள் ஆடிப்பட்டப் பக்கத்தில் விதைப் பட்டியலுக்கு மேலே அந்த அட்டையையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
மாதவரம், சென்னை - 60