வடுமலைப் பணிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாம் கூடிக் கற்பனை செய்துவரும் உலகத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றும், அது ஆதியில் தேவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டபோது காயப்பட்ட மலையாக இருக்க வேண்டும் என்றும் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். மலைக்கு வடுமலை என்று பெயரும் வைத்தோம். வரைபடம், களிமண் மாதிரி, தலபுராணம் ஆகிய மூன்றையும் ஓராண்டில் முடிப்பதாக ஏற்பாடு. வரைபடம் முடிந்தது. மாதிரி வெடித்தது. தலபுராணம் பாதியில் நிற்கிறது. அவசர வேலை உள்ளவர்கள் இத்துடன் எழுந்து போகலாம். அறிக்கையின் சாரம் அவ்வளவுதான்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் இரண்டு கூட்டங்களும் ஆயுதத்திலேயே கழிந்தன. வாளா, இடியா, சூலமா என்று ஏலம் விடாத குறை. அடித்தவர்களின் பெருமையைப் பேசிப் பேசி அடிபட்ட மலையை மறந்துவிட்டோம். மூன்றாம் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், அதுவரை வாய் திறக்காதவர், வரைபடத்தின் மேல் விரலை வைத்து, “மழை பெய்தால் இந்தப் பிளவில் விழும் தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்டார். குனிந்து பார்த்தோம். நாம் வரைந்த ஆறு மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ‘கிரேட்டர் லேக்’ என்றொரு ஏரி இருக்கிறது. மேலுலகத் தலைவன் ஸ்கெல்லும் கீழுலகத் தலைவன் லாவும் போரிட்டதில் மலை இடிந்து விழுந்த இடம் அது என்று அங்குள்ள கிளாமத் பழங்குடியினர் சொல்லிவருகிறார்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து அதன் உச்சி உள்ளே சரிந்தது என்கிறது நிலவியல். ஆழம் 594 மீட்டர். ஆறு எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. மழையும் பனியும்தான் அதை நிரப்புகின்றன. நம் ஆற்றுச் சிக்கலும் அன்றே தீர்ந்தது. வடுமலையிலும் ஏரிதான், ஆறு கிடையாது.

அந்த எரிமலை கக்கிய சாம்பல் படிவுக்கு அடியில், ஒரு குகையில், செடிப்பட்டையில் பின்னிய காலணிகள் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் வெடிப்புக்கு முன்பே அந்த வட்டாரத்தில் மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நம் தலபுராணத்தில் தேவர்களின் தேர், கொடி, கிரீடம் எல்லாம் இருந்தன. ஒரு மனிதருடைய செருப்பு இல்லை. இப்போது சேர்த்திருக்கிறோம்.

வரைபடத்தை அச்சிட்ட இடத்தில் ஏரியின் நீலம் எப்படியோ இளஞ்சிவப்பாகிவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்றேன். ஓர் உறுப்பினர் தடுத்து லோனாரைக் காட்டினார். மகாராஷ்டிரத்தில், விண்கல் விழுந்து எரிமலைப் பாறையில் ஏற்பட்ட பள்ளம் அது; குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். திருமால் லவணாசுரனை வதைத்த இடம் என்பது தலக்கதை. லவணம் என்றால் உப்பு. ஏரித் தண்ணீரும் உப்புத்தான். அசுரனின் பெயரிலேயே தண்ணீரின் சுவையை வைத்துவிட்டவர்களை என்னவென்று பாராட்டுவது! 2020 ஜூன் மாதம் அந்த ஏரி இளஞ்சிவப்பாக மாறியது. உப்பில் வாழும் நுண்ணுயிர்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எனவே நம் வரைபடமும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மறு அச்சுச் செலவு மிச்சமானதில் பொருளாளருக்கு உண்டான மகிழ்ச்சியையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாதிரி வெடித்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஈரக் களிமண்ணை வெயிலில் வைத்தது நான்தான். மாலையில் வந்து பார்த்தபோது, நாங்கள் கத்தியால் கீறிய பிளவு வாய்க்கால் போல ஒரே நேராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தானாக ஓடிய வெடிப்போ, மண்ணுக்குள் கிடந்த ஒரு சிறு கல்லைத் தொட்டதும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போய், மூன்று கிளைகளாகப் பிரிந்து விளிம்பில் மயிரிழையாக மறைந்திருந்தது. கத்திப் பிளவை மண் பூசி மூடினோம். வெயில் போட்ட கோடுதான் இனி தேவர்கள் போட்ட கோடு. மாதிரியின் இரண்டு துண்டுகள் பெயர்ந்து விழுந்துவிட்டதால் அதைக் காட்சிக்கு வைக்க இயலவில்லை. பொறுத்தருள வேண்டும்.

இடி ஆயுதக் கட்சியினருக்கு ஓர் ஆறுதல். மணலில் மின்னல் பாய்ந்தால் மணல் உருகி, உள்ளே துளையுள்ள கண்ணாடிக் குழலாக இறுகும். மலையடிவார மணல்வெளி முழுவதும் அத்தகைய குழல்கள் புதைந்து கிடப்பதாக எழுதியிருக்கிறோம். அங்கே வெறுங்காலில் நடக்க முடியாது. செருப்புக்கு அங்கேயும் வேலை வந்துவிட்டது.

போரில் வென்றவர் யார் என்பதில்தான் தலபுராணம் நின்றுபோயிற்று. வாக்கெடுத்தோம், சரிபாதியாகப் பிரிந்தது. கிரவுஞ்ச மலையை வேல் பிளந்த கதையிலும், மாமரமாக நின்ற சூரன் இரு கூறாகி மயிலும் சேவலுமான கதையிலும் வெற்றி யாருக்கு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கதையில் வெற்றியைவிட மயில்தான் பெரிது. பிளந்தது வீணாகவில்லை, ஒரு பாதி வாகனமாயிற்று, மறுபாதி கொடியாயிற்று. வடுமலையின் இரு பாதிகளும் என்ன ஆயின என்பதை எழுதிவிட்டால், வென்றவர் பெயரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. செயலாளர் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று தலைவர் கண்டித்திருப்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் யாரும் புதிய தேவர்களைச் சேர்க்கக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இதுவரை சேர்ந்தவர்களுக்கே மலையில் நிற்க இடமில்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்