கடக்காலுக்கு ஏன் சிமெண்ட் வேண்டாம் என்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை என்று எங்கே பழைய வீட்டின் கடக்காலை (அஸ்திவாரத்தை) மராமத்துக்குப் பார்க்கப் போனாலும் ஒரே கேள்விதான். "வேற கொத்தனார் மூணு நாள்ல சிமெண்ட் பாயிண்டிங் முடிச்சுத் தர்றேங்கிறார், நீங்க ஏன் மூணு வாரம் கேக்குறீங்க?" பாயிண்டிங் என்றால் செங்கல்லுக்குச் செங்கல் நடுவே உள்ள இடைவெளியை, அதாவது ஜாயிண்டை, சாந்து வைத்து அடைப்பது. நியாயமான கேள்வி. வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் சிமெண்டே இல்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் மணலும்தான். ராயபுரம் ரயில் நிலையம் திறந்த 1856இல் இந்த ஊரில் கட்டட வேலை என்றாலே சுண்ணாம்புதான். (1904இல் சென்னையிலேயே கடல் சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்து பார்த்தார்கள். நிலைக்கவில்லை.)

நம் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அந்த ஈரம் கடக்காலில் ஏறி, செங்கல்லைவிட இளக்கமான சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியே போய் உலர்ந்துவிடும். உப்பும் சாந்திலேயே பூக்கும். அதனால் சாந்து உதிரும், செங்கல் பிழைக்கும். உதிர்ந்த சாந்தை மாற்றிக்கொள்ளலாம். ஜாயிண்டைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்குச் செங்கல்லைத் தவிர வேறு வழி கிடையாது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே கட்டியாகி, அதன் முகத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு நாங்களே அப்படிச் சிமெண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறோம். ஏழெட்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், சிமெண்ட் மட்டும் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டு நின்றது. நடுவில் செங்கல் ஒரு விரற்கடை உள்வாங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, காபி கொடுத்தார். அதற்கப்புறம் பழைய செங்கல்லில் நாங்கள் சிமெண்ட் தொடுவதில்லை.

இப்போது வேலையைச் சொல்கிறோம். உளி, சுத்தியால் பழைய சாந்தைக் கையாலேயே எடுப்போம். கட்டிங் மிஷின் வைத்தால் செங்கல் ஓரம் போய்விடும். ஜாயிண்டின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் எடுத்தால்தான் புதுச் சாந்து பிடிக்கும். சுவர் முழுவதையும் ஒரே நாளில் குடைய மாட்டோம். மூன்றடி எடுத்து அடைத்துவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு அடுத்த மூன்றடி. மேலே வீடு நிற்கிறது இல்லையா? கருங்கல் கடக்காலில் கல்லுக்குக் கல் இடைவெளி பெரிது. அங்கே சாந்தோடு சில்லுக் கல்லும் வைத்து இறுக்க வேண்டும்.

கலவை, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு மணல். கடல் மணல் கூடவே கூடாது. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக, நன்றாக வெந்த செங்கல்லை இடித்த தூளைச் சேர்ப்போம். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், ஓதம் விடாத இடத்தில் அது நடக்காது. செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய், வெல்லம் கலப்பீர்களா என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். மேல்பூச்சுக்குச் சரி, கடக்காலுக்கு எங்களைக் கேட்டால் செங்கல் தூளே போதும்.

அடைத்த பிறகு ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வைக்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாகிவிடும். நாள் பிடிப்பது இதில்தான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் எங்கள் கையில் இல்லை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற வீடுகளுக்கு இது நன்றாகவே தெரியும். மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் சுவரடியில் கொட்டினாலோ, தொட்டி கசிந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எங்களுக்குக் கொடுக்கும் காசு வீண்.

சுவரில் படிப்படியாகக் குறுக்கே விரிசல் ஓடினால், கதவு திடீரென்று சிக்கினால், அது சாந்துக் கோளாறு இல்லாமல் கடக்காலே இறங்குவதாக இருக்கலாம். கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அது எங்கள் வேலை இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை எடுப்பதில்லை. தை பிறந்ததும் வருகிறோம். அதற்குள் ஒரு சாவியால் ஜாயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். எத்தனை விரல் ஆழத்துக்குப் பொடியாக உதிர்கிறது என்று குறித்துவைத்தால் எஸ்டிமேட் போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மராமத்துக் கடைக்காரர்கள்,
ராயபுரம்