பிரம்பைத் தேட எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

பேராதனை தேசிய உலர்தாவரக் காப்பகத்தினருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினருக்கும் மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தோட்டங்களை ஒட்டிய காடுகளில் பிரம்புக் கொடிகளைக் கண்காணிக்கவும் முறைப்படி மாதிரி சேகரிக்கவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள், அதற்கான அனுமதியும் கொடுங்கள். அவர்கள் இல்லாமல் இந்த வேலை முழுமையாக நடக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கினிகத்தேனைப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன், தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் ஓர் ஓடைக்கரையில் காய்த்திருந்த பிரம்பைப் படமெடுத்து அனுப்பினான். தண்டைச் சுற்றிய இலையுறையில் முட்கள் சீப்புப் பற்கள் மாதிரி வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. வரிசைகளுக்கு இடையில் காவி நிறத்தில் மெல்லிய உரோமம். சுண்டுவிரல் நுனி அளவு காய்களில் கீழ்நோக்கி அடுக்கிய செதில்கள். இலங்கையில் இதுவரை அறியப்பட்ட பிரம்பு இனங்கள் 10. அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. என்னிடம் இருந்த விவரிப்புகளோடு படங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். எதனோடும் முழுதாகப் பொருந்தவில்லை.

புதிய இனம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இனத்திலேயே இளங்கொடியும் முதிர்ந்த கொடியும் வேறு வேறு செடி என்று நினைக்கும் அளவுக்கு மாறித் தெரியும். நிழலில் வளர்ந்தது ஒரு மாதிரி, வெளிச்சத்துக்கு ஏறியது ஒரு மாதிரி. படத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, வெட்டி உலர்த்திய செடி மாதிரி வேண்டும். அந்த எண்ணத்தில்தான் பையன் என்னிடமும் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய், ஓர் அதிகாரியிடம் அகப்பட்டான். பெயரை எழுதிக்கொண்டார்கள், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் காட்டில் ஓர் இலையைக்கூட வெட்டக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சரி, அனுமதி கேட்க அவனுக்கு என்ன வழி இருந்தது? ஆராய்ச்சி அனுமதிக்கு விண்ணப்பிக்க பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம் பின்னால் நிற்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்துகொண்டு வேலை தேடும் பிள்ளைக்கு அப்படி யார் நிற்கப்போகிறார்கள்?

பிரம்பை முறைப்படி சேகரிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரம்பு பனை, தென்னையின் குடும்பம். ஆனால் சொந்தக் காலில் நிற்காது, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். சில இனங்களில் ஓலை நுனியே நீண்டு கொக்கி முள் நிறைந்த சாட்டையாகிறது. வேறு சிலவற்றில் இலையுறையின் பக்கத்திலிருந்து தனியாக ஒரு சாட்டை கிளம்புகிறது. எது என்று பார்ப்பதே அடையாளம் காண்பதில் முதல் படி. அந்தச் சாட்டை சட்டையில் மாட்டினால் இழுக்க இழுக்க ஆழமாக ஏறும், பின்னால் நகர்ந்துதான் விடுவிக்க வேண்டும். தென்கிழக்காசியக் காடுகளில் 150 மீற்றருக்கு மேல் நீண்ட தண்டுகளை அளந்திருக்கிறார்கள். பூவும் காயும் மர உச்சியில், அடியில் நிற்பவர் கையில் முள்தான். அதனால் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பிரம்பைக் கண்டும் காணாமல் போயிருக்கிறார்கள். புதிய பிரம்பு இனங்கள் இன்னும் வெளிவந்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு பட்டு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தாலும் போதாது. ஓலையின் அடி, நடு, நுனி என்று மூன்று பகுதியும் வேண்டும். இலையுறையைத் தண்டோடு சேர்த்து வெட்ட வேண்டும். உறையோடு எத்தனை மில்லிமீற்றர், உறையை உரித்தபின் எத்தனை என்று தண்டின் தடிப்பை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். முள்ளின் நிறமும் காயின் நிறமும் காய்ந்தால் போய்விடும், பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்புகின்றனவா, தனித் தண்டா என்பதைக் காட்டில் நிற்கிறவரால்தான் சொல்ல முடியும், காப்பகத்து மேசையில் அது தெரியாது. அப்புறம் பெரிய சிக்கல் ஒன்று. பிரம்புகளின் பெரிய பேரினமான கலாமஸின் இனங்களில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. இனத்தை முழுமையாக விவரிக்க ஆண்பூ, பெண்பூ, பழுத்த காய் மூன்றும் கிடைத்தால்தான் நல்லது. மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

ஆண்டு முழுவதும் அந்த ஓடைக்கரையைக் கடந்து போகிறவர்கள் யார்? கொழுந்து மலைக்குப் போகிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஊற்றுவரை ஏறிப்போய்ச் சரிசெய்கிறவர்கள். எந்தக் கொடி எப்போது பூக்கிறது, எதன் காயைக் குரங்கு தின்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்தும் பேராதனையிலிருந்தும் வருகிற குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், வாகனமும் விடுமுறையும் வானிலையும் ஒத்துவரும் நாளில்தான் வர முடியும். பூ அதற்காகக் காத்திருக்காது.

நம் மலைகளுக்கென்று ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1873இல் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனைக்குப் பிறகுதான் 5000 அடிக்கு மேலிருந்த காட்டைத் தோட்டங்களுக்கு விற்பதற்குத் தடை வந்தது. அதனால் உச்சிக் காடுகள் தப்பின. சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. நல்லது. ஆனால் பிரம்பு பொதுவாக உயரம் கூடக் கூடக் குறையும் தாவரம். அதற்கு உகந்த நடுமலைக் காடுதான் முதலில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் போனது. அதை வெட்டியவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். மிஞ்சியிருப்பவை ஓடை இறங்கும் பள்ளங்களும், தேயிலை நட முடியாத பாறைச் சரிவுகளும்தான். இந்தத் துண்டுக் காடுகளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஓரிடத்தில் பாதை அகலமாகும், ஓரிடத்தில் சிறு நீர்மின் திட்டம் வரும், பள்ளம் போய்விடும். அங்கே மட்டும் வளர்ந்த கொடி ஒன்று இருந்திருந்தால், அது இருந்த விஷயமே நமக்குத் தெரியாமல் போகும். பெயர் வைத்து வெளியிடப்படாத இனத்தை, அழியும் ஆபத்திலுள்ளவற்றைக் காட்டும் சிவப்புப் பட்டியலில்கூட எளிதில் சேர்க்க முடியாது.

பேராதனையின் பழைய சேகரிப்பு இந்த நாட்டின் பெரும் செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இருந்த துவெயிற்ஸ் காலத்து மாதிரிகள் இல்லாமல் இலங்கைத் தாவரவியலே இல்லை. ஆனால் அவற்றின் சி.பி. எண் (‘சிலோன் பிளான்ட்ஸ்’ என்ற வரிசை எண்) ஒன்றின் கீழ் வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில் எடுத்தவை கலந்து கிடப்பது உங்களுக்குத் தெரிந்ததே. காட்டுக்குள் போய் எடுத்துவந்தவர் யார் என்பதும் பெரும்பாலும் இல்லை. இத்தாலியரான பெக்காரி கலாமஸ் பற்றிய பெரிய ஆய்வை 1908இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தபோது, பல நாடுகளிலிருந்து வந்த உலர் மாதிரிகளைத்தான் நம்பினார். மாதிரியோடு ஒட்டிய சீட்டில் எழுதாதது அவருக்கும் தெரிய வழியில்லை. எனவே எங்கள் பிள்ளைகள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் இடம், உயரம், திகதியோடு எடுத்தவர் பெயரும் இருக்கட்டும்.

இதற்கு முன்னுதாரணம் பேராதனையிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பல்லாண்டு தாவர ஓவியராக இருந்த ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவின் பெயர் டெனியோபில்லம் அல்விஸியை என்ற சிறு ஆர்க்கிட்டில் இன்றும் நிலைத்திருக்கிறது. அண்மைக் காலத்தில் போர்னியோவில், பூவும் காயும் மண்ணுக்குள்ளேயே உண்டாகும் பினாங்கா சப்டெரேனியா என்ற பனையினம் 2023இல் விவரிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் அதன் பழத்தை ஏற்கெனவே தின்றுவந்தவர்கள். ஊர்க்காரர் அறிவும் காப்பகத்தின் ஒழுங்கும் சேர்ந்தபோதுதான் அது அறிவியலுக்கு வந்தது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அனுமதிச் சீட்டைக் காட்டிக்கொண்டு பிரம்பை வெட்டி விற்றால் என்ன செய்வது? கேட்க வேண்டிய கேள்விதான். சீட்டை ஆளின் பெயருக்கும் குறித்த இடத்துக்கும் மட்டும் கொடுங்கள், எந்தக் கொடியில் எவ்வளவு வெட்டலாம் என்று எழுதிக் கொடுங்கள், பொறுப்புக்குப் பாடசாலையைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அரிய கொடி நிற்கும் சரியான இடத்தை வெளியில் சொல்லாமல் காப்பகப் பதிவில் மட்டும் வையுங்கள். பெயர் எழுதப்பட்ட பிள்ளை, தான் கண்காணிக்கும் கொடியை வேறொருவர் வெட்ட விடமாட்டான். புதிய இனம் என்று உறுதியானால் அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி பேராதனையில் இருக்க வேண்டும், இரட்டை மாதிரிகள் வெளிநாட்டுக் காப்பகங்களுக்குப் போகட்டும். 2012 முதல் விவரிப்பை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆங்கிலம் போதும். அதோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கத்தை வெளியிடுங்கள். கொடியின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதைத்தான் வாசிப்பார்கள்.

மாணவனின் ஓடைக்கரையில் காய் இன்னும் இருக்கிறது. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் அந்தச் சரிவில் கால் வைக்க முடியாது. அதற்கு முன்னால் உங்களில் ஒருவர் வந்து பார்த்தால், அவனே வழிகாட்டுவான். பயிற்சிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தைச் சனிக்கிழமைகளில் தர அதிபர் சம்மதித்திருக்கிறார். பழைய பத்திரிகைத் தாள், மாதிரி அழுத்தும் பலகை, கயிறு, அட்டை கடிக்காமல் காலில் பூச உப்பும் சவர்க்காரமும் எல்லாம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம். தடித்த தோல் கையுறைகளும், மர உச்சிவரை எட்டும் நீளக் கழியும்தான் எங்களிடம் இல்லை. அவற்றை நீங்கள் கொண்டுவர வேண்டும்.

இங்ஙனம்,
மலையகத்து உயிரியல் ஆசிரியை ஒருத்தி